பூட்டிக் கிடந்த வீட்டின் தண்ணீர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரைக்குடிக்குப் பக்கத்தில் ஓர் ஊரிலிருந்து எழுதுகிறேன். 31 வருடம் பள்ளியில் அறிவியல் பாடம் நடத்திவிட்டு ஓய்வுபெற்று, பிறந்த ஊரிலேயே இருக்கிறேன். செட்டிநாட்டு வீடுகளைப் பற்றி உங்கள் பத்திரிகையில் அடிக்கடி வருகிறது. ஆத்தங்குடிக் கல், பர்மாத் தேக்குத் தூண், முட்டை வெள்ளை சேர்த்துப் பூசிய சுவர், சமையல், பலகாரம் என்று எல்லாம் வருகிறது, நானும் விடாமல் படிக்கிறேன். அந்த வீட்டைத் திறந்து நாலு நாள் தங்குகிறவர்கள் என்ன தண்ணீரைக் குடிக்கிறார்கள் என்பதைப் பற்றி மட்டும் ஒன்றும் வந்து நான் பார்த்ததில்லை. போன வருடம் எங்கள் வீட்டிலேயே நடந்ததைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. நீளமாகப் போனாலும் வெட்டாமல் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் வீதியில் 22 வீடு. வருடம் முழுக்க விளக்கு எரிவது ஐந்தில்தான். மற்ற வீட்டுக்காரர்கள் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் பெங்களூரிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். பொங்கலுக்கு, சிவராத்திரிக்கு, முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கு, கல்யாணத்துக்கு என்று வந்து திறப்பார்கள், மூன்று நாள் இருந்துவிட்டுப் பூட்டிக்கொண்டு போவார்கள். பாதி வீட்டுச் சாவி என்னிடம்தான் இருக்கிறது. வருவதற்கு ஒரு வாரம் முன்னால் போன் வரும், "ஆச்சி, ஆள் விட்டு வீட்டைக் கூட்டிக் கழுவி வைக்கச் சொல்லுங்க" என்று. ஒட்டடை அடிப்பார்கள், வளவை, அதாவது நடு முற்றத்தை, கழுவிவிடுவார்கள், முகப்புத் தூணைத் துடைப்பார்கள், பாத்திர அறையைத் திறந்து அண்டாவையும் தவலையையும் வெளியே எடுத்துப் புளி போட்டுத் தேய்ப்பார்கள். மாடியில் இருக்கிற தண்ணீர்த் தொட்டியின் மூடியை மட்டும் யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள். குழாயைத் திருகினால் தண்ணீர் வருகிறதா, வருகிறது, சரி, அத்தோடு விட்டுவிடுவார்கள். நானும் அப்படித்தான் விட்டேன்.

போன வைகாசியில் என் அண்ணனுக்கு அறுபதாம் கல்யாணம். சாந்தி என்று எங்கள் பக்கம் சொல்வோம். எட்டு மாதம் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து அறுபது பேர் தங்கினோம். குடிப்பதற்குத் தண்ணி கேன் வரவழைத்திருந்தோம், வெயில் கடுமை, முதல் நாள் ராத்திரியே கேன் எல்லாம் காலி. மறுநாள் விடியற்காலையில் யாரோ அடுப்படிக் குழாயில் பிடித்துத் தவலையை நிரப்பி, பட்டாலைக் கூடத்தில் ஒரு முக்காலி மேல் வைத்து, பக்கத்தில் ஒரு செம்பையும் வைத்துவிட்டார்கள். பளிச்சென்று தேய்த்த தவலை, தண்ணீரும் கண்ணாடி மாதிரி இருந்தது. குழந்தைகள் உட்பட எல்லோரும் அதில் மொண்டு மொண்டு குடித்தார்கள்.

மூன்றாம் நாள் காலையில் முதலில் தங்கையின் பேரனுக்கு வயிற்றுப்போக்கு. நாலு வயது. வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். மத்தியானத்துக்குள் ஏழு பேர், ராத்திரிக்குள் பதினோரு பேர். எல்லோரும் சமையல்காரரைத்தான் சந்தேகப்பட்டார்கள், கேட்கக்கூடாத வார்த்தையெல்லாம் கேட்டார்கள், அந்த மனிதர் அடுப்படி வாசலில் தலை குனிந்து நின்றது இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. பிள்ளையை மருத்துவமனையில் சேர்த்து இரண்டு நாள் குளுக்கோஸ் ஏற்றினார்கள். தேறிவிட்டான். ஆனால் அந்த முதல் ராத்திரி அவன் கண் உள்ளே போய், அழுதாலும் கண்ணீர் வராமல் கிடந்ததைப் பார்த்த எங்களுக்கு அது லேசில் மறக்காது.

நாலாம் நாள் உட்கார்ந்து யோசித்தபோதுதான் ஒன்று பிடிபட்டது. இடம் போதாமல் பத்துப் பன்னிரண்டு பேர் காரைக்குடியில் விடுதியில் தங்கி, பந்திக்கு மட்டும் வந்து போனார்கள். அதே சாப்பாடு, அதே இலை. அவர்களில் ஒருவருக்கும் ஒன்றுமில்லை. அவர்கள் கையில் தண்ணீர் பாட்டிலோடு வந்தவர்கள், தவலைத் தண்ணீரைத் தொடவே இல்லை. லண்டனில் 1854-ல் காலரா வந்தபோது ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் செத்தவர்களின் வீடுகளை வரைபடத்தில் குறித்து, பிராட் வீதியில் இருந்த ஒரு அடிகுழாய்தான் காரணம் என்று காட்டினார். இதை வருடா வருடம் வகுப்பில் நடத்தியவள் நான். சமையல்காரரிடம் மறுநாளே போய் மன்னிப்புக் கேட்டேன்.

அப்புறம் மாடிக்கு ஏறினேன். தொட்டி மூடி ஒரு பக்கம் வெடித்திருந்தது. மேலெல்லாம் புறா எச்சம். உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தால் அடியில் இரண்டு விரல் கனத்துக்குச் சேறு, சுவரில் வழவழவென்று பாசி, ஒரு பல்லி செத்துக் கிடந்தது. என்னிடம் படித்த பெண் ஒருத்தி தண்ணீர்ப் பரிசோதனை வேலையில் இருக்கிறாள். அவளிடம் சொன்னேன், நாலு சின்ன பாட்டில் கொண்டுவந்து தந்தாள். எச்2எஸ் பாட்டில் என்கிறார்கள். 1982-ல் குவாலியரில் நம் நாட்டு விஞ்ஞானிகளே உருவாக்கிய சோதனை இது. பாட்டிலுக்குள் மருந்து தோய்த்த காகிதமோ தூளோ இருக்கும், குறி போட்ட அளவுக்குத் தண்ணீரை ஊற்றி மூடி, ஒன்றிரண்டு நாள் அறைச்சூட்டில் வைக்க வேண்டும். மலத்தோடு வரும் பாக்டீரியா தண்ணீரில் இருந்தால் அது விடுகிற ஹைட்ரஜன் சல்பைடு பட்டுத் தண்ணீர் கறுப்பாகிவிடும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கூடப் பார்த்துச் சொல்லிவிடலாம். வீதிக் குழாய், வீட்டுக் கிணறு, அடுப்படிக் குழாய், தவலை என்று நாலு இடத்தில் எடுத்து வைத்தேன்.

தவலைத் தண்ணீர் மறுநாள் காலையிலேயே மை மாதிரி கறுத்துவிட்டது. அடுப்படிக் குழாய்த் தண்ணீர் அன்று சாயங்காலம் கறுத்தது. கிணற்றுத் தண்ணீர் இரண்டாம் நாள். வீதிக் குழாய்த் தண்ணீர் இரண்டு நாள் கழித்தும் நிறம் மாறவே இல்லை.

அந்த நாலு பாட்டிலையும் ஜன்னல் கட்டையில் வரிசையாக வைத்து உறவினர் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன். வீதி வரைக்கும் நல்லபடியாக வந்த தண்ணீர், நம் வீட்டு வாசலைத் தாண்டி, தொட்டியில் ஏறி, குழாயில் இறங்கி, தவலைக்குள் போய், நம் கை பட்டு வாய்க்கு வருவதற்குள் ஒவ்வொரு படியிலும் கெட்டிருக்கிறது. குடிநீர் சரியில்லை என்றால் நாம் உடனே நகராட்சியையும் பஞ்சாயத்தையும்தான் கேட்கிறோம், கேட்க வேண்டியதுதான், அதைக் கடைசியில் நானும் கேட்கப் போகிறேன். ஆனால் வாசலுக்கு உள்ளே நடப்பதற்கு நாம்தான் பொறுப்பு.

தண்ணீர் தெளிவாக இருக்கிறது என்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இந்தியத் தர நிர்ணய அமைப்பின் குடிநீர் விதி, ஐ.எஸ். 10500, என்ன சொல்கிறது என்றால் 100 மில்லி தண்ணீரில் ஈ.கோலை என்ற பாக்டீரியா ஒன்றுகூடத் தென்படக் கூடாது. 100 மில்லி என்பது ஒரு சின்ன டம்ளர். அதில் ஆயிரக்கணக்கில் இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது, ருசியில் தெரியாது, வாடையும் வராது. ஈ.கோலையில் பெரும்பாலானவை தாமே பெரிய கெடுதல் செய்யாதவை. மனிதர், விலங்கு, பறவை இவற்றின் குடலில் இருப்பவை, அதனால் அவை தண்ணீரில் இருந்தால் மலம் கலந்திருக்கிறது என்று அர்த்தம். மலம் கலந்த வழியில் டைபாய்டும் காலராவும் சீதபேதியும் மஞ்சள் காமாலையும் வரலாம். வீதிக் குழாய்த் தண்ணீரில் குளோரின் கலந்து விடுவதே இதற்காகத்தான். நம் வாசலுக்கு வரும்போது லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் மீதம் இருக்க வேண்டும் என்று அதே விதி சொல்கிறது, வழியில் கிருமி ஏதும் சேர்ந்தால் அதைக் கொல்லும் காவல் அதுதான். அந்தக் குளோரின் தொட்டியில் தேங்கிக் கிடந்தால் நாளாக நாளாகப் போய்விடும், நம் வெயிலில் சீக்கிரமே போய்விடும். எட்டு மாதம் நின்ற தண்ணீரில் என்ன இருக்கும்? பழைய தண்ணீரைக் கொட்டாமல் அதன் மேலேயே புதுத் தண்ணீரை ஏற்றினால், வருகிற குளோரினையும் அடிச்சேறு தின்றுவிடும்.

எங்கள் அப்பத்தா காலத்தில் இந்த வீட்டில் தொட்டி ஏது, குழாய் ஏது. குடிக்க ஊருணித் தண்ணீர், மழைக் காலத்தில் வளவில் விழுகிற தண்ணீர். நாலு பக்கமும் ஓட்டுச் சரிவு வளவைப் பார்த்து இறங்குவதே அதற்காகத்தான். முதல் மழையைப் பிடிக்க விட மாட்டார் அப்பத்தா, ஓடு கழுவட்டும் என்பார். அப்புறம் அண்டா வாயில் வெள்ளை வேட்டியை மடித்துக் கட்டி அதன் வழியாகத்தான் பிடிப்பார். குடிநீர் ஊருணியில் கால் நனைக்கக்கூட விட மாட்டார்கள், குளிக்க வேறு ஊருணி. வீட்டில் தண்ணீர் மொள்ள நீளக் காம்பு வைத்த ஒரு அகப்பை தனியாகத் தொங்கும், அதை வேறு எதற்கும் எடுக்கக் கூடாது, எடுத்தால் முதுகில் விழும்.

இதெல்லாம் கட்டுப்பெட்டித்தனம் என்று எங்கள் வயசில் நினைத்தோம். பிற்பாடு வங்கதேசத்துக் கிராமங்களில் ஒரு ஆராய்ச்சி நடந்தது, 2003-ல் வெளியானது. பழைய பருத்திச் சேலையை நாலைந்து மடிப்பாக மடித்து அதில் வடிகட்டிக் குடித்த ஊர்களில் காலரா ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. காலராக் கிருமி தண்ணீரில் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத பூச்சிகளின் மேல் ஒட்டிக்கொண்டு வாழ்கிறது, பூச்சி துணியில் நின்றுவிட்டால் கிருமியும் பெரும்பாலும் நின்றுவிடும். ஆனால் தனியாக மிதக்கிற பாக்டீரியா துணியில் நிற்காது. அப்பத்தா செய்ததெல்லாம் சரி, அதுவே போதும் என்று இன்றைக்கு விட்டுவிடவும் முடியாது. தேத்தாங்கொட்டை உரசிப் போடுவதும் அப்படித்தான், கலங்கல் படியும், கிருமி சாகாது. சாகாவிட்டாலும் ஒரு உபகாரம் உண்டு, கலங்கல் இருந்தால் குளோரின் சரியாக வேலை செய்யாது, தெளிந்த தண்ணீரில்தான் நன்றாக வேலை செய்யும்.

கிணற்றைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வீடுகளில் பின்கட்டுக்கு அப்பால் தோட்டத்தில் கிணறு இருக்கும். முன்பு கழிப்பறை வீட்டுக்குள் கிடையாது. இப்போது வருகிறவர்களுக்கு வேண்டுமே என்று பின்கட்டிலேயே நாலைந்து கழிப்பறை கட்டி, அதற்குக் குழியைத் தோட்டத்திலேயே தோண்டி விடுகிறோம். கிணற்றுக்கும் கழிவுக் குழிக்கும் குறைந்தது 50 அடி, அதாவது 15 மீட்டர், இடைவெளி வேண்டும். எங்கள் வீட்டில் அளந்தேன், 26 அடி. இந்தப் பக்கம் பல இடத்தில் செம்புராங்கல் பூமி, ஓட்டையும் வெடிப்புமாக இருக்கும், குழியிலிருந்து கசிவது எங்கே போகும் என்று கேட்கவே வேண்டாம். குழியை மாற்றக் கொஞ்ச காலமும் பணமும் ஆகும், அதுவரை அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குளிக்கத் துவைக்க மட்டும் வைத்துக்கொண்டு, அடுப்படிப் பக்கம் போகிற இணைப்பை மூடிவிட்டோம்.

குடிக்கத்தான் வேண்டும் என்றால் கிணற்றுக்கு மருந்து போடுவது கஷ்டமில்லை. 1000 லிட்டருக்கு நல்ல, புதிய பிளீச்சிங் பவுடர் ஏறக்குறைய 2.5 கிராம். கிணற்றின் குறுக்களவு 10 அடி, தண்ணீர் 7 அடி நிற்கிறது என்றால் சுமார் 15,500 லிட்டர், 40 கிராம் போதும். சிலர் கையால் அள்ளிக் கிணற்றில் வீசுகிறார்கள், அது வீண். ஒரு பிளாஸ்டிக் வாளியில் கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குழைத்து, பிறகு வாளியை நிரப்பிக் கலக்கிப் பத்து நிமிடம் வைத்தால் சுண்ணாம்பு அடியில் படியும், மேலே தெளிந்ததை இன்னொரு வாளியில் இறுத்துக் கயிற்றில் கட்டி இறக்கி, தண்ணீருக்குள்ளேயே மேலும் கீழும் ஆட்ட வேண்டும். ராத்திரி எல்லோரும் இறைத்து முடித்த பிறகு போட்டால் காலை வரை நேரம் கிடைக்கும், குறைந்தது ஒரு மணி நேரமாவது விட வேண்டும். பவுடர் பழசானால் சக்தி போய்விடும். திறந்து கிடந்த பழைய மூட்டையில் அள்ளிப் போட்டுவிட்டு மருந்து போட்டாச்சு என்று சொல்வதில் பிரயோஜனம் இல்லை.

இன்னொன்று, மோட்டார். வீதிக் குழாயில் தண்ணீர் தினமும் ஒரு மணி நேரமோ ஒன்றுவிட்டு ஒருநாளோதான் வருகிறது. நிற்கிற நேரத்தில் குழாய்க்குள் அழுத்தம் இருக்காது, மண்ணுக்குள் எங்கே இணைப்பு கழன்றிருக்கிறதோ, எங்கே சாக்கடை அதன் மேல் ஓடுகிறதோ, அங்கே வெளித் தண்ணீர் உள்ளே கசியும். இதில் நாலு வீட்டுக்காரர்கள் குழாயிலேயே நேராக மோட்டாரை வைத்து உறிஞ்சினால் அந்த ஓட்டை வழியே சாக்கடை வேகமாக ஏறும். தனக்கு நிறைய வேண்டும் என்று உறிஞ்சுகிறவர் வீட்டுக்கும் அதே தண்ணீர்தான் போகிறது, வீதி முழுக்கவும் போகிறது. தயவு செய்து இதைச் செய்யாதீர்கள். தண்ணீர் விட்டதும் முதல் ஐந்து நிமிடம் வருவதைக் குடிக்கப் பிடிக்காமல் செடிக்கு விடுங்கள்.

சரி, தொட்டியை எப்படிக் கழுவினோம் என்று சொல்கிறேன், நிறைய பேர் கேட்டார்கள். இருந்த தண்ணீர் முழுவதையும் வெளியேற்றி, அடிச்சேற்றை அள்ளி, நைலான் பிரஷ்ஷால் சுவரைத் தேய்த்து இரண்டு தடவை அலசினோம். சோப்பும் ஆசிடும் போடவில்லை. கழிப்பறை ஆசிட் பக்கத்திலேயே இருக்கக் கூடாது, பிளீச்சிங் பவுடரோடு அது சேர்ந்தால் விஷவாயு வரும். அப்புறம் தொட்டியைப் பாதி நிரப்பி, 1000 லிட்டர் தொட்டிக்கு 150 கிராம் என்ற கணக்கில் பவுடரை வாளியில் கரைத்துத் தெளிந்ததை மட்டும் ஊற்றி முழுக்க நிரப்பினோம். கீழே வந்து வீட்டில் இருக்கிற ஒவ்வொரு குழாயையும் திறந்து, குளோரின் வாடை அடிக்கிற வரை ஓடவிட்டு மூடினோம். இதை விட்டுவிடக் கூடாது, குழாய்க்குள் படிந்திருக்கிற பாசிக்கும் மருந்து போய்ச் சேர வேண்டும். ராத்திரி முழுக்க அப்படியே விட்டு, மறுநாள் எல்லாவற்றையும் வெளியேற்றி, நல்ல தண்ணீர் ஏற்றி வாடை போகிற வரை ஓடவிட்டோம். புது மூடி வாங்கிப் போட்டோம், வழிந்தோடும் குழாய் வாயில் கொசுவலை கட்டினோம். மொத்தம் ஒன்றரை நாள் வேலை, இரண்டு ஆள் கூலி. தரையடித் தொட்டி இருக்கிறவர்கள் மட்டும் ஜாக்கிரதை, மாதக்கணக்கில் மூடிக் கிடந்த சம்ப்புக்குள் யாரையும் சட்டென்று இறக்கிவிடாதீர்கள், உள்ளே காற்று இருக்காது, மூச்சடைத்து உயிர் போய்விடும். அதற்குப் பழகிய ஆட்களைக் கூப்பிடுங்கள்.

தொட்டியைச் சரிசெய்த பிறகும் தவலையின் விஷயம் இருக்கிறது. நாலு பாட்டிலில் முதலில் கறுத்தது அதுதான் என்பதை மறந்துவிடக் கூடாது. அடுப்படிக் குழாயில் வந்ததைவிடத் தவலைக்குள் அதிகம் சேர்ந்திருக்கிறது, சேர்த்தது எங்கள் கை. செம்பை உள்ளே விட்டு மொள்ளும்போது விரல் நனையும். குடித்துவிட்டு வைத்த டம்ளரை அப்படியே உள்ளே விடுவார்கள். பிள்ளைகள் கழிப்பறைக்குப் போய்விட்டு நேராக ஓடிவந்து மொள்வார்கள். செம்பு தரையில் கிடக்கும், அதை எடுத்து மறுபடி உள்ளே. அகன்ற வாய் உள்ள எந்தப் பாத்திரத்துக்கும் இதே கதிதான். இப்போது எங்கள் வீட்டில் குடிநீர் வைப்பது கீழே குழாய் வைத்த எவர்சில்வர் டிரம்மில். மூடி எப்போதும் மூடியே இருக்கும், உள்ளே எதையும் விட வழியில்லை. வசதி இல்லாதவர்கள் குறுகிய வாய்க் குடத்தில் வைத்துச் சாய்த்து ஊற்றிக்கொள்ளலாம், அதுவும் இல்லையா, அப்பத்தாவின் நீளக் காம்பு அகப்பை இருக்கிறது, ஆணியில் மாட்டி வையுங்கள். கழிப்பறை வாசலிலும் அடுப்படி வாசலிலும் ஒரு சோப்பு வைப்பதற்கு என்ன செலவு ஆகிவிடும்.

கொதிக்க வைப்பது நல்லது, ஆனால் கொதிக்க வைக்க வேண்டும். பலர் கை பொறுக்கிற சூட்டோடு இறக்கிவிடுகிறார்கள். தளதளவென்று குமிழ் வந்து ஒரு நிமிடம் நின்றால் போதும், கால் மணி நேரம் காய்ச்சிக் காஸைக் கரைக்க வேண்டாம். காய்ச்சிய பாத்திரத்திலேயே மூடி ஆறவிடுங்கள். வேறு பாத்திரத்தில் மாற்றி, அதில் கரண்டியும் கையும் போனால் பழைய கதைதான். இதைவிடப் பெரிய தப்பு விளாவுவது. கொதிக்கக் கொதிக்க இருக்கிறது, குழந்தைக்குக் கொடுக்க வேண்டும் என்று ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரை ஊற்றி விளாவிவிடுகிறோம், காய்ச்சிய அத்தனையும் வீண். பந்திகளில் சீரகத் தண்ணீர் என்று வெதுவெதுப்பாக ஊற்றுகிறார்களே, அது பல இடத்தில் ஒரு பானைச் சீரக வெந்நீரை ஒரு டிரம் பச்சைத் தண்ணீரில் கலந்ததுதான். நிறத்தைப் பார்த்து நம்பிக் குடிக்கிறோம். சமையல்காரருக்குத் தண்ணீரைக் கொடுப்பது வீட்டுக்காரர்தான், நல்லதைக் கொடுத்து, காய்ச்சச் சொல்லிக் கேட்டால் செய்வார்.

செம்புப் பாத்திரத்தைப் பற்றியும் கேட்கிறார்கள், எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு இருக்கிறதே. செம்புக்குக் கிருமியைக் கொல்லும் குணம் உண்டு. பெங்களூரில் ஆய்வுக்கூடத்தில் பார்த்தபோது, 16 மணி நேரம் செம்புப் பானையில் வைத்த தண்ணீரில் காலரா, டைபாய்டு வகைக் கிருமிகள் செத்திருந்தன. அதனால் ராத்திரி முழுக்க வைத்துக் காலையில் குடிப்பதில் பலன் இருக்கிறது. காலையில் நிரப்பிப் பத்து மணிக்குக் குடித்தால் கிடையாது. களிம்பு ஏறாமல் தேய்த்திருக்க வேண்டும், புளிப்பான எதையும் அதில் வைக்கக் கூடாது. செம்புப் பானையில் வைத்துவிட்டோம் என்று நம்பி அதற்குள் கையை விட்டால் ஒன்றும் மிஞ்சாது.

கேன் தண்ணீரும் ஆர்.ஓ. மிஷினும் இருக்கிறதே என்பீர்கள். கேனில் சீல் உடைந்திருக்கிறதா, தேதி இருக்கிறதா, உரிம எண் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், வெயிலில் அடுக்கி வைத்ததை வாங்காதீர்கள். கேன் வாயை ஒரு ஈரத்துணியால் துடைத்துக் கவிழ்க்கிறோமே, அந்தத் துணி எத்தனை நாள் துணி? கவிழ்த்து வைக்கிற டிஸ்பென்சரை வாரம் ஒரு தடவையாவது வெந்நீர் விட்டுக் கழுவ வேண்டும். ஆர்.ஓ. தண்ணீரில் குளோரின் இருக்காது, அதனால் அந்த மிஷினின் சின்னத் தொட்டியில் ஒன்று சேர்ந்தால் தடுக்க ஆளில்லை. ஆறு மாதம் பூட்டிக் கிடந்த வீட்டில் ஆர்.ஓ.வைப் போட்டு முதல் டம்ளரைக் குடிப்பது ரொம்பத் தப்பு, ஃபில்டரை மாற்றி, தொட்டியை இரண்டு மூன்று தடவை நிரப்பிக் கொட்டிய பிறகே குடிக்க வேண்டும்.

எவ்வளவு கவனமாக இருந்தாலும் யாருக்காவது வந்துவிட்டால், ஓ.ஆர்.எஸ். என்கிற உப்பு சர்க்கரைப் பொட்டலத்தை உடனே கரைத்துக் கொடுங்கள். 1971-ல் வங்கதேசப் போர் நடந்தபோது மேற்கு வங்கத்தில் பங்கான் அகதி முகாமில் காலரா. நரம்பில் ஏற்றுகிற சலைன் பாட்டில் தீர்ந்துவிட்டது. திலீப் மஹலநாபிஸ் என்ற மருத்துவர் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை டிரம்மில் கரைத்து வைத்து, சொந்தக்காரர்களையே ஊட்டச் சொன்னார். நூற்றுக்கு முப்பது பேர் செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு நாலு பேருக்கும் கீழே இறங்கியது. அவர் மறைவுக்குப் பிறகு 2023-ல் பத்ம விபூஷண் கொடுத்தார்கள். பொட்டலம் கிடைக்காவிட்டால் காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, தலை தட்டிய அளவு. எங்கள் வீட்டில் அன்றைக்கு ஒரு லிட்டர் பொட்டலத்தை ஒரு டம்ளரில் கரைத்துப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார்கள். அவ்வளவு உப்பு உள்ளே போவது குழந்தைக்கு ஆபத்து. கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கவும் கூடாது. குழந்தைக்கு மருத்துவரிடம் கேட்டு 14 நாள் துத்தநாக மாத்திரையும் கொடுக்க வேண்டும், போக்கு நின்றதும் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள், அது தப்பு. கண் உள்ளே போனாலோ, சிறுநீர் நின்றாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ வீட்டில் வைத்துக்கொண்டு யோசிக்காதீர்கள்.

இனி அதிகாரிகளுக்கு. குழாயில் குளோரின் எவ்வளவு மீதம் வருகிறது என்று தொட்டியடியில் மட்டும் பார்க்காமல், கடைசித் தெருவின் கடைசிக் குழாயில் பார்த்து, வாரம் ஒரு தடவை பலகையில் எழுதிப் போடுங்கள். எண் ஒன்று எழுதுவதற்கு நிதி ஒதுக்கீடு தேவையில்லை. வீட்டுக்கு வீடு குழாய் கொடுக்கிற ஜல் ஜீவன் திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்குத் தண்ணீர்ப் பரிசோதனை கற்றுக்கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. எந்தெந்த ஊரில் அந்த ஐந்து பேர் யார் என்று ஊருக்குத் தெரியட்டும், விசேஷத்துக்குத் திறக்கிற வீடுகளின் தண்ணீரையும் அவர்கள் பார்த்துச் சொல்லட்டும். குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைக்கூடம் மாவட்டத்துக்கு மாவட்டம் இருக்கிறது, கட்டணம் கட்டினால் யாரும் கொடுத்துப் பார்க்கலாம் என்பதே பலருக்குத் தெரியவில்லை. 1948-ல் அடிக்கல் நாட்டிய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் காரைக்குடியிலேயே இருக்கிறது. உப்புத் தண்ணீரில் மின்சாரம் செலுத்திக் குளோரின் கரைசல் எடுப்பது அந்தத் துறையின் அரிச்சுவடி. பிளீச்சிங் பவுடர் பழசாகிப் போகிற சின்ன ஊராட்சிகளுக்கு அந்த முறையைச் சொல்லிக்கொடுக்க அவர்களை அழைத்தால் வர மாட்டார்களா?

உங்கள் பத்திரிகைக்கும் ஒரு வேண்டுகோள். மார்கழிக் கடைசியில், பொங்கலுக்கு ஊர் திரும்புகிறவர்கள் கிளம்பத் தயாராகிற சமயத்தில், தொட்டி கழுவும் முறையை ஒரு கால் பக்கம் படத்தோடு போடுங்கள். சென்னைப் பதிப்பிலும் கோவைப் பதிப்பிலும் போடுங்கள், வீட்டுக்காரர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

தையில் எங்கள் எதிர்வீட்டைத் திறக்கிறார்கள், பேத்தி கல்யாணம், நூறு பேருக்கு மேல் தங்குவார்கள். சாவி என்னிடம் இருக்கிறது. தொட்டி கழுவ இரண்டு ஆளுக்குச் சொல்லிவிட்டேன், குழாய் வைத்த டிரம் நாலு வாங்கச் சொல்லியிருக்கிறேன், ஆறு பாட்டில் வாங்கி அலமாரியில் வைத்திருக்கிறேன். கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்பு தண்ணீர் எடுத்து வைப்பேன். எது கறுத்தது, எது கறுக்கவில்லை என்று உங்களுக்கு எழுதுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை,
காரைக்குடி வட்டம், சிவகங்கை மாவட்டம்